அப்பா படத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டை

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. காலையிலேயே காற்று ஆரம்பித்துவிட்டது. மாடிக் கொடியில் காய்ந்த என் சட்டை இரண்டு பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில். எடுக்கப் போகவில்லை. போனால் அந்த ஆளோடு சண்டைதான் வரும்.

இந்த நோட்டு என் மனைவி செல்வி வாங்கி வந்தது. பி.பி. டாக்டர் சொன்னாராம், கோபம் வந்தால் கையை ஓங்குவதற்கு முன்னால் பேனாவை எடுக்கச் சொல்லி. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் என் கோபத்துக்குக் கிடைத்த மருந்து ஒரு நூறு பக்க நோட்டு. சரி, எழுதித் தொலைக்கிறேன். யாரும் படிக்கக் கூடாது. செல்வி, உனக்கும்தான்.

இந்த வருடம் உடைத்தவை (டாக்டர் கேட்டது. உண்மையாக எழுத வேண்டுமாம்):

போன், 2
ஃபேன் ரெகுலேட்டர்
பாத்ரூம் தாழ்ப்பாள்
பிளாஸ்டிக் நாற்காலி, கால் மட்டும்
குக்கர் மூடி
செல்வி. பொங்கலுக்கு முன்னால், கன்னத்தில், ஒரு தடவை.

கடைசியில் எழுதியது பொருள் இல்லை. தெரியும். ஆனால் வேறு எங்கே எழுதுவது?

இன்றைய வேலை: அபிக்கு இன்டர்நெட் லைன். மகளுக்குச் சென்னைக் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஆனால் போன் நெட் கூடாதாம், வயர் போட்ட லைன் வேண்டுமாம். அடுத்த வெள்ளி, 25ஆம் தேதி, காலை பத்து மணிக்கு அங்கேயிருந்து சோதித்துப் பார்ப்பார்கள். லைன் இல்லையென்றால் சென்னைக்கே வந்துவிட வேண்டும்.

அதெல்லாம் நடக்காது. என் பெண் இங்கேதான் இருப்பாள்.

லைன்மேன் வந்து பார்த்தான். "பின் சந்துல போஸ்ட் இல்ல சார். முன்வீட்டுக்கு வேணா குடுக்கிறேன். அங்கேருந்து நீங்க உள்ள வயர் இழுத்துக்குங்க." முன்வீடு அண்ணனுடையது. அப்பா கட்டிய வீடு, அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் தெருவில். அவர் போன பிறகு முன்பாதி அண்ணனுக்கு, சந்தைப் பார்த்த பின்பாதி எனக்கு. நடுவே ஒரே ஒரு பழைய சுவர். பிரித்து ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து நான் அண்ணன் வீட்டு வாசலோடு சரி. உள்ளே கால் வைத்ததில்லை. அவரும் இங்கே வந்ததில்லை.

வாசலில் நின்றே கேட்டேன். அண்ணன் டவுன் பஸ் டிரைவர். டூட்டி முடித்து வந்து காக்கிச் சட்டையோடு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அபிக்குன்னா போட்டுக்கடா. ஒரே கண்டிஷன். சுவத்துல ஓட்டை போடும்போது நான் வீட்டுல இருக்கணும். ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்குப் போடு."

சரி என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். என் பாதிச் சுவரில் ஓட்டை போட இவர் நாள் குறிக்கிறார்.

ஜூலை 18, வெள்ளி

காற்று. கண்ணெல்லாம் மண். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் வாங்கியது:

லேன் வயர், 30 மீட்டர்
முனையில் மாட்டும் கிளிப், ஒரு பாக்கெட்
கிளிப் அழுத்தும் கட்டிங் பிளேயர் மாதிரி ஒன்று
டெஸ்டர்
எனக்கு மாத்திரை (செல்வி எழுதிக் கொடுத்தது)

மதியம் லைன்மேன் வந்து அண்ணன் வீட்டு அலமாரியில் பெட்டியை வைத்துவிட்டுப் போனான். அபிதான் கூட இருந்தாள். அங்கேயிருந்து ஒரு வயர், சுவர் வழியாக நம் பக்கம், இங்கே இன்னொரு ரவுட்டர். அவ்வளவுதான் வேலை.

வயருக்கு உள்ளே எட்டுக் கம்பி, ஒவ்வொன்றும் தலைமுடி போல. அபி வரிசை சொல்லிக் கொடுத்தாள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். துவாக்குடிப் பட்டறையில் முப்பது வருடமாக இரும்பை வளைக்கிற கை இது. முதல் கிளிப் போச்சு. இரண்டாவது போச்சு. மூன்றாவதைத் தூக்கி எறிந்தேன், சாமி அலமாரிக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது.

அபி எழுந்து போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அதைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் மாடியில் போய் நின்றேன்.

நான்காவது சரியாக விழுந்தது. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. "சூப்பர்ப்பா!" என்றாள். எத்தனை நாளாயிற்று அவள் அப்படிச் சொல்லி. எனக்கு அழுகை வந்துவிட்டது, தும்மல் மாதிரி சமாளித்தேன்.

ஜூலை 19, சனி

என் தப்புதான். முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

டிரில் மிஷின் பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்தது. மேஸ்திரி போன் செய்தான், மதியத்துக்குள் திரும்ப வேண்டுமென்று. அண்ணன் டூட்டியில். நாளை வரை பொறுத்தால் மிஷின் இல்லை. கடையில் வாடகைக்கு எடுத்திருக்கலாம். அபி அதைத்தான் சொன்னாள். "பெரியப்பா வரட்டும்பா. சொல்லியிருக்காருல்ல?" எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு ஓட்டைக்கு என்ன பெரியப்பா?

ஓட்டை அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று இடம் யோசித்தேன். நடுச்சுவரில் அப்பா படம் மாட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் போட்டால் தெரியாது. படத்தை இரண்டு கையாலும் பயபக்தியாகக் கழற்றி, துடைத்து, கட்டிலில் வைத்தேன். ஆணிக்கு நான்கு விரல் கீழே பென்சிலால் குறி வைத்தேன். நீளமான பிட். பழைய செங்கல், வெண்ணெய் மாதிரி போனது.

கடைசியில் ஒரு சத்தம். செங்கல் சத்தம் இல்லை. கண்ணாடி.

அப்புறம் அந்தப் பக்கம் அண்ணி போட்ட கூச்சல்.

அண்ணன் வீட்டிலும் அப்பா படம் அதே சுவரில், அதே உயரத்தில். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரே ஸ்டுடியோவில் இரண்டு பிரதி போட்டோம், ஆளுக்கொன்று. அப்பாவின் கட்டில் தலைமாடு அந்தச் சுவரோரம்தான் இருந்தது. அதற்கு நேர் மேலே மாட்ட வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. அண்ணனுக்கும் அப்படியே தோன்றியிருக்கிறது. ஆறு வருடமாக அப்பாவும் அப்பாவும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு தடவை போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டரை மணிக்கு அண்ணன் பின் சந்து வழியாக வந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. நெஞ்சோடு அணைத்தபடி படம். அப்பா நெற்றியில், சரியாகச் சந்தனம் வைக்கிற இடத்தில், ஓட்டை.

நான் சிரித்துவிட்டேன்.

ஏன் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. பயத்தில் வந்த சிரிப்பு. அவருக்கு அது எப்படித் தெரியும்?

"அமாவாசைக்கு அஞ்சு நாள் இருக்கு. அப்பா நெத்தியில ஓட்டை போட்டுட்டு சிரிக்கிறியாடா?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. முகம் மட்டும் கோணிக்கொண்டு போனது. சந்து வழியாகத் திரும்பிப் போய்விட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போகலாமென்று சட்டை மாட்டினேன். பட்டன் அறுந்தது. சட்டையைக் கிழித்துப் போட்டேன். போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எழுத்து கோணல்.

காலை ஏழு மணி. பின்முற்றத்தில் எதுவோ விழுகிற சத்தம். மதில் மேலாக வயர்த் துண்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. நேற்று சாயங்காலம் நான் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் தள்ளி வைத்திருந்த முப்பது மீட்டரும் சாண் சாணாக. தேங்காய் வெட்டுகிற அரிவாளால் அண்ணன் வெட்டியிருக்கிறான். நானும் அபியும் உட்கார்ந்து அழுத்திய கிளிப், அது வேறு நசுங்கி.

நோட்டைத் தேடவில்லை. டாக்டரும் நினைவில் இல்லை. பைப் திருகுகிற ரெஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். செல்வி முந்தானையால் என் கையைச் சுற்றி இழுத்தாள். உதறினேன். அபி பின்னாலேயே "அப்பா, அப்பா" என்று ஓடி வந்தாள்.

முன்வாசல். முதலில் அவன் ஸ்கூட்டர். கண்ணாடி இரண்டு, ஹெட்லைட், மீட்டர். தெரு முழுக்க நின்று பார்த்தது. "ஐயோ, யாராவது புடிங்கப்பா." ஒருத்தரும் பிடிக்கவில்லை.

அண்ணன் கதவைத் திறந்துகொண்டு வந்து வலது கையைக் கதவு நிலையில் வைத்து மறித்தான். "உள்ள வராதே. எதுவா இருந்தாலும் அங்கேயே நின்னு பேசு. பொம்பளைங்க இருக்காங்க."

"உள்ள யாருடா வந்தா? உன் வீடு உனக்கு!"

ரெஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். கதவு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். நிலையில் அவன் விரல்கள் இருந்தன. பார்த்தேன். பார்த்தேதான் இழுத்து அறைந்தேன். அப்பா போட்ட தேக்குக் கதவு.

அந்தச் சத்தத்தை எழுத வரவில்லை.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. நடுவே இருந்ததால். அண்ணி உள்ளேயிருந்து இழுத்துத் திறந்தாள். நிலையில், படியில், அவர் கைலியில் எல்லாம் ரத்தம். அண்ணன் கத்தவில்லை. கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திரும்பினேன். அபி. வாயைக் கையால் பொத்திக்கொண்டு. அவள் என்னைப் பார்த்த பார்வையை முன்பே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். பொங்கலுக்கு முன்னால்.

நான்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். காவேரிப் பாலத்தில் டிராஃபிக். என் வேட்டியைக் கிழித்து அவர் கையில் சுற்றியிருந்தேன்.

ஜூலை 21, திங்கள்

பெரிய ஆஸ்பத்திரி. மூன்று விரல். ஆள்காட்டியும் நடுவிரலும் எலும்பு முறிவு, கம்பி வைத்திருக்கிறார்கள். மோதிர விரல் நுனி எடுத்தாயிற்று. "மூணு மாசத்துக்கு ஸ்டியரிங் தொடக்கூடாது. அப்புறம் பார்த்துச் சொல்றோம்," என்றார் டாக்டர். அண்ணனுக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது.

போலீஸ் வரும் என்று தெரியும். மஞ்சள் பையில் ஒரு கைலி, பல்துலக்கும் பிரஷ், பி.பி. மாத்திரை எடுத்து வைத்துக்கொண்டுதான் போனேன். வரட்டும். வந்து கூட்டிக்கொண்டு போகட்டும். எனக்கு அது தேவைதான்.

பத்தரைக்கு ஏட்டு நோட்டோடு வந்தார்.

"எப்படி ஆச்சுங்க?"

"காத்து சார். நிலையில கைய வச்சிட்டு நின்னேன். ஆடிக் காத்துல கதவு சாத்திக்கிச்சு."

"இது யாரு?"

"என் தம்பி. அவன்தான் தூக்கிட்டு வந்தான்."

ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நேற்றிலிருந்து மாற்றாத என் சட்டையில் ரத்தம், கையில் மஞ்சள் பை. "காத்துதானா?" என்று மறுபடி கேட்டார். "காத்துதான்," என்று அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே வந்து பைக் நிறுத்துகிற இடத்துத் தூணில் குத்தினேன். ஐந்து, ஆறு தடவை. விரல் முட்டியில் தோல் போனது. எனக்கு எலும்பு உடைந்து தொலைக்கவில்லை. என்னை ஜெயிலில் போட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் காறித் துப்பியிருக்கலாம். இந்தக் காற்றைத்தான் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 22, செவ்வாய்

லீவு. காற்று குறையவில்லை.

செல்வி சோறு போட்டாள். தட்டை வைக்கும்போது கேட்டேன், அபியின் லைன் என்ன ஆகும் என்று.

"லைனா? இன்னும் லைனா உங்களுக்கு?" அவ்வளவு சத்தமாக அவள் பேசிக் கேட்டதில்லை. "அவ இங்க இருக்கிறதாலதாங்க இந்த வீட்டுல நான் முழுசா இருக்கேன். அவ போயிட்டா உங்ககிட்ட நான் தனியா. அதுக்காகத்தான் அந்த லைன் வரட்டும்னு நானும் சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன். நீங்களே கெடுத்தீங்க."

கை தானாக மேலே போனது. போனதைப் பார்த்தேன். இறக்கிச் சோற்றில் வைத்தேன். சாப்பிடவில்லை. இதை எழுதாமல் விடலாமென்று பார்த்தேன். எழுதிவிட்டேன்.

மாலை நம் வீட்டு அப்பா படத்தை எடுத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனேன். அமாவாசைக்கு அண்ணன் வீட்டில் நல்ல படம் வேண்டுமே. உடைந்த ஸ்கூட்டர் அப்படியே நிற்கிறது. படியைக் கழுவியிருக்கிறார்கள், நிலையில் மட்டும் கறை போகவில்லை. அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"வச்சுட்டுப் போங்க தம்பி," என்றாள். கொஞ்சம் நின்று, "அந்த ஓட்டை விழுந்த படத்தை நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்குப் பார்க்க முடியலை."

இப்போது அது என் சுவரில். நெற்றியில் ஓட்டை, அதற்குப் பின்னால் சுவர் ஓட்டை. கொஞ்சம் வெளிச்சம் வருகிறது.

ஜூலை 23, புதன்

மதியம் அண்ணனை டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். ஆட்டோ சத்தம் கேட்டது. நான் போகவில்லை, போக முகம் இல்லை.

ஓட்டை வழியாக எல்லாம் கேட்கிறது. கட்டில் கிரீச்சென்றது. அண்ணி மாத்திரைச் சீட்டை வாசித்தாள். அவர் முனகினார். ஒரு மணி நேரம் சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாலு மணி இருக்கும். வாயை ஓட்டைப் பக்கம் வைத்து, "அண்ணே," என்றேன்.

முனகல் நின்றது.

"எள்ளு வாங்கிட்டியா?"

"இல்லண்ணே."

"வாங்கி வை. காலையில ஆறு மணிக்கு. கூட்டமா இருக்கும்."

வீட்டைப் பிரித்த பிறகும் ஆடி அமாவாசைக்கு அம்மா மண்டபம் படித்துறைக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவோம். அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. எள் வாங்கினேன். கூடவே முப்பது மீட்டர் வயரும். எந்தத் தைரியத்தில் வாங்கினேன் என்று தெரியவில்லை.

அபி அறைக்குள் மெதுவாக யாரோடோ போன் பேசினாள். நான் போனதும் நிறுத்திவிட்டாள்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

காவேரியில் படி மூழ்கத் தண்ணீர். கயிறு கட்டி, போலீஸ் நிறுத்தியிருந்தார்கள். ஈரத் துணி, எள், வாழை இலை, ஆள் மேல் ஆள்.

அண்ணன் வலது கையில் முழங்கை வரை கட்டு. பாலித்தீன் பை போட்டு மூடியிருந்தது. நான் முன்னால் நடந்து வழி விலக்கினேன்.

ஐயர் தர்ப்பை மோதிரத்தை எடுத்தார். "வலது மோதிர விரலைக் காட்டுங்கோ."

அண்ணன் கட்டைக் காட்டினார்.

"அடடா, என்ன ஆச்சு?"

"காத்துல கதவு." மூன்றாவது தடவையும் அதையே சொன்னார்.

"அப்போ தம்பி போட்டுக்கட்டும். அவர் கையால விடட்டும், நீங்க இடது கையால அவர் கையைத் தொட்டுக்கோங்கோ. அது போதும்."

மோதிரம் என் விரலில். தோல் போன முட்டியில் தர்ப்பை குத்தியது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்பா பேர், தாத்தா பேர், அவருக்கு முந்தியவர் பேர். எள்ளும் தண்ணீரும் என் விரலிடுக்கில் இறங்கின. அவர் பிடி இறுகிக்கொண்டே போனது, வலித்தது. விடச் சொல்லவில்லை.

முடிந்து எழுந்தோம். ஐயர் அடுத்தவரைக் கூப்பிட்டார். நான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன், ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

பளீரென்று ஒன்று. இடது கை. காது அடைத்துப் போயிற்று. இரண்டு படி சறுக்கி, கயிற்றைப் பிடித்து நின்றேன். சுற்றி இருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒரு போலீஸ்காரர் விசில் ஊதினார்.

"இது கைக்கு இல்லடா," என்றார் அண்ணன். மூச்சு வாங்கியது. "நீ சிரிச்சியே, அதுக்கு."

அழுதேன். ஐம்பத்து இரண்டு வயதில், அத்தனை பேர் நடுவில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி. வலித்தது, நன்றாக இருந்தது. வேறு எப்படிச் சொல்வது?

வரும் வழியில், தெரு முனையில் சொன்னார், "வயரை விட்டுக்க. நான் வீட்டுலதான் இருக்கேன்."

காக்கைக்குச் சோறு வைத்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு வேலை. இந்தப் பக்கமிருந்து நான் தள்ள, அந்தப் பக்கம் அண்ணன் இடது கையால் இழுத்தார். "வருதா?" "வருது, வருது. இன்னும் விடு." அந்தப் பக்கத்துக் கிளிப்பை அபி போய் அழுத்தினாள். இந்தப் பக்கம் நான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம். ஒரே தடவையில் சரியாக விழுந்தது. ரவுட்டரில் பச்சை விளக்கு. ஓட்டை விழுந்த அப்பாவைச் சுவர் ஓட்டை மேலேயே மாட்டினேன்.

அபி லேப்டாப்பைச் செருகிப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "நல்லா வருதுப்பா."

"அப்போ நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க பார்க்கட்டும்," என்றேன்.

"அவங்க பார்க்க வேண்டியதில்லப்பா. சென்னைக்கே வரேன்னு திங்கக்கிழமையே மெயில் போட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்."

"லைன்தான் வந்துடுச்சேம்மா."

"லைன் அம்மாவுக்கு."

செல்வி சமையலறை வாசலில் நின்றாள். அபி தன் பழைய போனை ரவுட்டர் அலமாரியில் நிமிர்த்தி வைத்து, சார்ஜர் வயர் போட்டு, அம்மாவிடம் எந்தப் பட்டனை அழுத்த வேண்டுமென்று இரண்டு தடவை காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரல் ஏறவில்லை.

"தினம் சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடுவேன்பா. வீடியோவுல. அம்மா முகத்தை ரெண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்வேன். ஒரு நாள் எடுக்கலைன்னா நான் பெரியப்பாவுக்குப் போன் பண்ணுவேன், பெரியப்பா ஓட்டை வழியா கேட்பாரு."

சரி என்றேன்.

சாயங்காலம் ஏழு மணி. எழுதி வைத்துக்கொள்கிறேன்.